வாசலில் சொன்ன சொல்

ஆற்றங்கரை மடத்துக்கு வந்த பதினோரு மாதத்தில் சடையப்பன் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. லாரியில் நாடு முழுக்கச் சுற்றிய மனுஷன். பத்து கிலோமீட்டர் தள்ளியிருந்த சொந்த வீட்டுக்குப் போகத்தான் அவருக்கு வழி தெரியவில்லை.

மடத்தை நடத்தியவர் மங்கையர்க்கரசி. சடையப்பனைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் எல்லோரையும் போலச் சடையப்பனும் அவரைத் தாயி என்றே கூப்பிட்டார். தாயி அவரை அண்ணா என்பார்.

ஒரு காலையில் இருவரும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

"தாயி, நான் எப்ப வீட்டுக்குப் போலாம்?"

"யாரு வேணாம்னா?"

"மூணு தடவை தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். எம் பொஞ்சாதி தெய்வானை வைக்கிற கருவாட்டுக் குழம்பு வாசம் கனவுல வருது. அவ முகத்த ஒருதரம் பாத்தாப் போதும்னு கிடந்து தவிக்கிறேன். கால்தான் வரமாட்டேங்குது."

தாயி கீரையிலிருந்து நிமிரவில்லை.

"வீட்டவிட்டுக் கடைசியா எறங்குறப்ப என்ன சொன்னீங்க?"

சடையப்பன் ஒரு கீரைத் தண்டை ஒடித்துப் போட்டார்.

"'போறேன்'னேன். 'அப்படிச் சொல்லாதீங்க, வரேன்னு சொல்லுங்க'ன்னு வாசல் வரைக்கும் பின்னாலயே ஓடியாந்தா. நான் சொல்லல."

அடுத்த தெருவுக்குப் போனாலும் வரேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிற ஊர் அது. போறேன் என்று சொன்னால் பெற்றவள் பதறிப்போய் வாயைப் பொத்துவாள்.

"சாராயக் கடையவிட்டுக் கடைசியா எறங்குறப்ப?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது.

"'வரேன் தம்பி'ன்னு சொன்னேன்."

"அப்ப அந்தக் கடைக்காரரு காத்துக்கிட்டு இருப்பாரு. எந்திரிங்க, போலாம்."

கீரையை அப்படியே போட்டுவிட்டு நடந்தார்கள். போய்ச் சேர்ந்தபோது கடை திறந்திருந்தது. கல்லாவில் இருந்தவர் முகமெல்லாம் பல்லாக, "வாங்கண்ணே! எத்தன நாளாச்சு!" என்று வழக்கமான குவார்ட்டரை எடுக்கத் திரும்பினார்.

சடையப்பனுக்கு வாய் ஊறியது. வெட்கங்கெட்ட நாக்கு. வாங்க என்று சொல்ல உலகத்தில் இன்னும் ஒரு ஆள் இருக்கிறான் என்பதில் மனசும் குளிர்ந்துபோனது. இருபது வருஷத்துச் சிநேகம். இதையும் உதறினால் மிச்சமிருப்பது ஒரு பூட்டிய கதவுதான். அது திறக்குமோ திறக்காதோ, யாருக்குத் தெரியும்?

திரும்பிப் பார்த்தார். தாயி சாலையோரத்திலேயே நின்றிருந்தார். வா என்று அவர் சடையப்பனைக் கூப்பிடவில்லை.

"வேணாம் தம்பி. போறேன்."

கடைக்காரர் பதறிவிட்டார். "என்னண்ணே, போறேங்கிறீங்க? வரேன்னு சொல்லுங்க."

சடையப்பன் கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்குத் தெய்வானையும் இதே வார்த்தையைத்தான் கெஞ்சிக் கேட்டாள்.

"போறேன்," என்றார் மறுபடியும்.

வெளியே வந்து தாயி பக்கத்தில் நின்றார். ஊருக்குப் போகிற பஸ் ஒன்று தூரத்தில் வந்துகொண்டிருந்தது.

"வீட்டுக்குப் போயி என்ன சொல்லணும் தாயி?"

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. வாசல்ல நில்லுங்க. வாங்கன்னு சொல்றதும் சொல்லாததும் அவங்க பாடு."

"சொல்லலேன்னா?"

"வரேன்னு சொல்லிட்டுத் திரும்புங்க அண்ணா. நாளைக்கும் போகணும்ல."