குறி தப்பாத துப்பாக்கி

கருங்குளத்தூர் ஜமீன்தார் வேட்டைக்கு வந்தால் முயல்கூட ஓடாது. பழியெல்லாம் துப்பாக்கி மேல்தான்.

"எனக்குன்னே அளவெடுத்து, குறி தப்பாத துப்பாக்கி ஒண்ணு செஞ்சு குடு. தப்புச்சோ, உன் விரலை எடுத்துருவேன்!" என்று கொல்லன் இருளாண்டியிடம் உறுமினார்.

இருளாண்டி அவர் கையை அளந்தான், கழுத்தை அளந்தான். பிறகு பழைய துப்பாக்கியில் குண்டில்லாமல் வெடிமருந்து மட்டும் கெட்டித்து நீட்டினான்.

"கடைசி அளவு ஒண்ணு பாக்கி, சாமி. அந்தப் பனையைச் சுடுங்க."

இதென்ன அளவு என்று ஊரே எட்டிப் பார்த்தது.

விசையைத் தொட்டதுமே ஜமீன்தாரின் இரண்டு கண்ணும் இறுக மூடிக்கொண்டன. சக்கிமுக்கிக் கல் பொறி தட்டியது, மூக்கருகே மருந்து குப்பென்று பற்றியது, டமார்!

கண்ணைத் திறந்தால், அவருடைய தலைப்பாகை இருளாண்டி தலையில் இருந்தது.

"எப்படா எடுத்தே?"

"நீங்க குறி பாத்துக்கிட்டிருந்தப்பதான், சாமி."