அண்ணன் முகம்

பிரமநாயகத்துக்கு அறுபத்தொரு வயது. அவருடைய குரு உலகம்மாளுக்கு நாற்பத்து நான்கு.

கடையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் உலகம்மாள் ஒரு வைத்தியசாலை நடத்திவந்தார். அப்பாவிடம் கற்ற சித்த வைத்தியம். நோயாளிகள் காலையில் வந்து போவார்கள். நாலைந்து பேர் அங்கேயே தங்கிப் படித்தார்கள். அவர்களில் வயதில் மூத்தவர் பிரமநாயகம்தான்.

அவர் அம்பாசமுத்திரத்தில் முப்பத்தாறு வருஷம் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். கல்யாணத்தன்று படம் எடுத்த முகம் சில வருஷம் கழித்துப் பாஸ்போர்ட்டுக்கு வரும். பிறகு பென்ஷனுக்கு வரும். பென்ஷன்காரர்களின் கண்ணுக்குக் கீழே விழுந்த சுருக்கத்தை நெகட்டிவில் பென்சிலால் தடவி மறைத்துக் கொடுப்பார். அதனால் அவருக்கு ஊரில் நல்ல பெயர். மனைவி தவறிப்போய், மகளும் கோவைக்குப் போன பிறகு கடையை மூடிவிட்டு ஒரு பையோடு இங்கே வந்தார்.

வந்த அன்று உலகம்மாள் கேட்டார்.

"அண்ணாச்சி, படிக்க வந்தியளா, தப்பிக்க வந்தியளா?"

"ரெண்டுக்கும்தாம்மா."

"யாருகிட்ட இருந்து தப்பிக்கணும்?"

"வயசுகிட்ட இருந்து."

உலகம்மாள் சிரிக்கவில்லை. கிணற்றடிக்குப் பக்கத்தில் இருந்த அறையைக் காட்டினார்.

சொல்லிக்கொடுத்ததை எல்லாம் பிரமநாயகம் ஒன்றுவிடாமல் செய்தார். விடியுமுன் எழுந்தார். நாக்கை வழித்தார். நல்லெண்ணெயை வாயில் வைத்துக் கொப்பளித்தார். வெறும் வயிற்றில் இஞ்சிச் சாறு, மதியம் சுக்கு, படுக்குமுன் கடுக்காய்ப் பொடி. காலையிலும் மாலையிலும் மூச்சுப் பயிற்சி. ஓடைக்கரை வரை வெறுங்காலில் நடை. பொழுது சாயுமுன் சாப்பாடு, அதையும் ஒவ்வொரு வாயும் கூழாகும்வரை மென்று. புதனும் சனியும் எண்ணெய்க் குளியல்.

மூன்று மாதத்தில் உடம்பு லேசானது. முழங்கால் வலி போனது. கூடப் படித்தவர்கள், பார்த்தால் ஐம்பதுதான் சொல்லலாம் என்றார்கள்.

பயம் மட்டும் போகவில்லை. உடம்பு தேறத் தேற அது வளர்ந்தது.

தினமும் ஓடைக்கு நடக்கும்போது அவர் தன்னையே பரீட்சை வைத்துப் பார்ப்பார். ஸ்டுடியோ இருந்த தெருவின் கடைகளை முதலிலிருந்து வரிசையாகச் சொல்ல வேண்டும். ஒன்றும் விடக்கூடாது. சொல்லி முடித்தால்தான் அன்றைக்குச் சோறு இறங்கும்.

ஒரு வியாழக்கிழமை காலையில் ஒரு கடை வரவில்லை. மருந்துக் கடைக்கும் வாட்ச் ரிப்பேர் கடைக்கும் நடுவில் ஒன்று உண்டு. அதன் கதவு நீல நிறம் என்பது தெரிந்தது. என்ன கடை என்பது தெரியவில்லை. பாதையிலேயே நின்றார். மறுபடி முதலிலிருந்து சொன்னார். அதே இடத்தில் அதே குழி. சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டது.

வெகுநேரம் கழித்து அது தையல் கடை என்று ஞாபகம் வந்தது. ஓடைக்குப் போகாமல் திரும்பிவிட்டார்.

வைத்தியசாலையின் பின்கட்டில் உலகம்மாள் கடுக்காயைத் தட்டிக் கொட்டையை நீக்கிக்கொண்டிருந்தார். பிரமநாயகம் எதிரில் உட்கார்ந்தார்.

"அம்மா, நீங்க சொன்னது ஒண்ணையும் நான் விடலை."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"இதைவிடப் பெருசா ஏதாவது இருந்தா குடுங்க. பத்தியம் எவ்வளவு கடுசா இருந்தாலும் இருக்கேன். உப்பு, புளி எல்லாத்தையும் விட்டுருதேன்."

"எதுக்கு?"

"எனக்கு வந்துரக் கூடாது."

"என்ன வந்துரக் கூடாது?"

உலகம்மாள் இன்னொரு கடுக்காயை எடுத்தார்.

"நேத்து ஒரு அம்மா போன் பண்ணினாங்க. கோமதின்னு பேரு. உங்களுக்கு மதினியாமே?"

பிரமநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெயரிலிருந்து வந்த அழைப்புகளை எட்டு மாதமாக அவர் எடுக்கவில்லை.

பிறகு தானாகவே சொன்னார். ஆவுடையப்பன் அவருடைய அண்ணன். ஆறு வயது மூத்தவர். கூட்டுறவு சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதலில் சாவி எங்கே வைத்தோம் என்று மறந்தார். பிறகு வீட்டுக்குத் திரும்பும் வழி. பிறகு பிள்ளைகளின் பெயர்.

"போன ஆவணியில பாக்கப் போனேன். மதினி காப்பி குடுத்தா. அண்ணன் என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் மதினிகிட்ட, 'இந்தாளு எதுக்கு என் மூஞ்சிய வச்சிருக்கான்?'னு கேட்டாரு."

உலகம்மாளின் கை நின்றது.

"எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஜாடைம்மா. அதே மூக்கு, அதே நெத்தி. காப்பிய அப்படியே வச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன். அதுக்கப்புறம் போகலை. கண்ணாடி பாத்தா அவருதான் தெரியுதாரு. இன்னும் ஆறு வருஷம்னு எனக்குள்ள ஒருத்தன் சொல்லிக்கிட்டே இருக்கான்."

"மதினி எதுக்குப் போன் பண்ணினாங்கன்னு கேக்கலையே நீங்க."

"எதுக்கு?"

"குளிக்கிற இடத்துல வழுக்கி விழுந்துட்டாங்களாம். வலது கையில கட்டு. பிள்ளைங்க வெளிநாட்டுல. அண்ணனை மூணு வாரமாக் குளிப்பாட்ட முடியலை. ஆள் வச்சாலும் யாரையும் கிட்ட விட மாட்டேங்குதாராம். ராத்திரி தூக்கம் கிடையாது. பிள்ளைங்க ரெண்டு பேரும் திருநெல்வேலியில ஒரு காப்பகத்துல சேத்துருங்கன்னு சொல்லுதாங்களாம். அதுக்கு முந்தி ஒரு தடவை இங்க கூட்டிட்டு வரட்டுமான்னு கேட்டாங்க. சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கேன்."

"வந்தா?"

"நீங்க எண்ணெய் தேச்சு விடணும்."

பிரமநாயகம் எழுந்துவிட்டார்.

"என்னால முடியாதும்மா."

"எண்ணெய் தேய்க்க நல்லாத்தானே படிச்சிருக்கிய."

"வேற யாருக்கு வேணும்னாலும் தேச்சு விடுதேன். அவரைத் தொட்டா... என்னையே தொடுத மாதிரி இருக்கும். நான் தாங்க மாட்டேன்."

"சரி அண்ணாச்சி. சனிக்கிழமை காலையில எட்டரைக்கு அம்பாசமுத்திரம் பஸ் இருக்கு."

"போகச் சொல்லுதியளா?"

"இருக்கவும் சொல்லலை, போகவும் சொல்லலை. பஸ் இருக்குன்னு சொன்னேன்."

சனிக்கிழமை காலையில் பிரமநாயகம் பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி வந்தார். ரோட்டுக்கு மறுபக்கத்தில் புளியமரத்தடியில் நின்றார். அங்கேதான் பஸ் நிற்கும்.

எட்டேகாலுக்கு ஒரு ஆட்டோ வந்து வைத்தியசாலை வாசலில் நின்றது. மதினி இறங்கினாள். கழுத்திலிருந்து தொங்கிய துணியில் கை கிடந்தது. இடது கையை உள்ளே நீட்டி யாரையோ கூப்பிட்டாள். உள்ளே இருந்தவர் வரவில்லை. ஆட்டோவின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. டிரைவர் தோளைத் தொட்டதும் அவர் கத்தினார். சொல் எதுவும் இல்லை, வெறும் சத்தம்.

பஸ் வளைவில் திரும்பும் சத்தம் கேட்டது.

பிரமநாயகம் அண்ணனின் முகத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றார். முடியவில்லை. பார்த்தார். அந்தக் கண்கள் மரத்தை, கதவை, மனைவியை, டிரைவரை என்று மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தன. எதிலும் நிற்கவில்லை. இடம் எது, ஆள் யார், அடுத்து என்ன நடக்கும் என்று எதுவும் தெரியாத கண்கள்.

அண்ணனுக்குப் பயமாக இருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. எட்டு மாதமாக அவர் தன் பயத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பார்த்தார். பிரமநாயகம் கையை அசைத்துப் போகச் சொன்னார். பஸ் நகர்ந்ததும் ரோட்டைக் கடந்தார்.

"மதினி, நீங்க தள்ளுங்க."

மதினி அவரைப் பார்த்தாள். விலகினாள்.

அவர் ஆட்டோவுக்குள் ஏறி அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். தொடவில்லை. கூப்பிடவும் இல்லை. மீட்டர் ஓடாத ஆட்டோவில் இரண்டு பேரும் எங்கோ போகிறவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். அரை மணி நேரம் ஆகியிருக்கும். டிரைவர் டீ குடித்துவிட்டே வந்துவிட்டார். அண்ணன் கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்தார். பிறகு இன்னொரு கையை.

கிணற்றடியில் உலகம்மாள் நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சி வைத்திருந்தார். ஒரு பலகை போட்டிருந்தார். தானும் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார். உதவிக்கு வரவில்லை.

பிரமநாயகம் எண்ணெயோடு தலையில் கை வைத்ததும் ஆவுடையப்பன் அந்தக் கையைத் தட்டிவிட்டார். இரண்டாவது தடவை நெஞ்சில் குத்தினார். கிண்ணம் சாய்ந்து பாதி எண்ணெய் கொட்டியது. பிரமநாயகம் உலகம்மாளைத் திரும்பிப் பார்த்தார். அவர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரமநாயகம் சட்டையைக் கழற்றினார். பலகைக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, மிச்ச எண்ணெயில் கொஞ்சம் எடுத்துத் தன் காலில் தேய்த்தார். கையில், மார்பில், தலையில் தேய்த்தார். அவசரப்படவில்லை. ஆவுடையப்பன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தன் காலை முன்னால் நீட்டினார்.

பிரமநாயகம் பாதத்திலிருந்து ஆரம்பித்தார். கெண்டைக்கால் சதை கரைந்திருந்தது. முழங்கால் எலும்பு தனியாகத் தெரிந்தது. முதுகுக்கு வந்தபோது விலாவை ஒவ்வொன்றாக எண்ணலாம் போல இருந்தது. தன் விரலுக்குக் கீழே இருப்பது யார் உடம்பு என்று ஒரு கணம் பிரமநாயகத்துக்குக் குழம்பியது. கையை எடுத்துவிடலாமா என்று நினைத்தார். எடுக்கவில்லை.

தலையில் எண்ணெய் வைத்துத் தட்டும்போது அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நீ யாரு?"

"பிரமநாயகம்."

"இல்ல. அவன் வர மாட்டான்."

"ஏன் வர மாட்டான்?"

"என்னைக் கண்டா அவனுக்குப் பயம்."

பிரமநாயகத்தின் கை நின்றது.

"யாரு சொன்னா?"

"மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா."

மதினி தூணுக்குப் பின்னால் திரும்பிக்கொண்டாள். ஓலைக் கூரையில் ஒரு அணில் ஓடியது. அண்ணன் காத்திருந்தார். தலையில் இருந்த கை அசையாததால் கண்ணைத் திறந்தார்.

"உனக்குப் பயமா இல்லியா?"

"பயமாத்தான் இருக்கு."

"எனக்கும்தான்."

பிரமநாயகம் மறுபடி தேய்க்கத் தொடங்கினார். வெந்நீர் ஊற்றினார். சீயக்காய் போட்டுத் தலையை அலசினார். கண்ணில் படாமல் நெற்றியில் கையை வைத்து மறைத்துக்கொண்டார். தன் நெற்றியைப் போலவே மேடேறிய அந்த நெற்றி உள்ளங்கையில் பொருந்தி இருந்தது.

மதியம் மிளகு ரசம் சாதம். ஆவுடையப்பன் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்ட இடத்திலேயே சரிந்து தூங்கிப்போனார்.

எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று பகலில் தூங்கக் கூடாது. பிரமநாயகம் படித்த முதல் பாடங்களில் அது ஒன்று. அவர் எழுப்பப் போனார்.

"விடுங்க" என்றார் உலகம்மாள்.

"உடம்புக்கு ஆகாதுன்னு நீங்கதானேம்மா..."

"ஆமா. விடுங்க."

மதினியும் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. வெயில் இறங்கும்வரை அந்த வீட்டில் யாரும் சத்தமாக நடக்கவில்லை.

நாலரை மணிக்குப் பிரமநாயகம் பின்கட்டுக்கு வந்தார். உலகம்மாள் பொடி சலித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அண்ணனுக்கு வந்தது எனக்கும் வருமா?"

"வரலாம்."

"நான் தினமும் செய்யுததெல்லாம்?"

"கொஞ்சம் தள்ளிப்போகும்."

"எவ்வளவு?"

"தெரியாது அண்ணாச்சி. எங்க அப்பாவுக்கும் தெரியலை."

"நிறுத்தாது?"

"நிறுத்தாது."

சல்லடையிலிருந்து பொடி மெல்ல விழுந்துகொண்டிருந்தது. பிரமநாயகத்தின் குரல் தாழ்ந்தது.

"அப்ப அந்தக் கொஞ்ச நாளை வாங்கி நான் என்னம்மா செய்ய?"

உலகம்மாள் சல்லடையைக் கீழே வைத்தார். உள்ளே தூங்குகிறவரைப் பார்த்தார்.

"அவருக்குக் கால் நகம் ரொம்ப வளந்து கிடக்கு. தூங்கும்போதே வெட்டிருங்க. எந்திரிச்சா விட மாட்டாரு."