சைலன்சருக்குப் பின்னால் ஒரு வெள்ளை வேட்டி

திண்டுக்கல் பைபாஸில் ஒரு ஒர்க்‌ஷாப். அங்கே இன்ஜின் பாகங்களைக் கழுவுகிறவள் காணிக்கை. ஹெட் மெக்கானிக் ஜெகவீரனோ மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டியில்தான் வருவார்.

அவர் இன்ஜினைப் பிரித்துப் புதிதாகக் கோத்துக் கொடுத்த ஒரு டாக்டரின் கார் இழுக்காமல் இருமிக்கொண்டு திரும்பி வந்தது.

"வால்வெல்லாம் காத்து ஒழுகாம என் கையால தேய்ச்சு உட்கார வச்சது. இவதான் கழுவுறப்ப பிஸ்டன் ரிங்கை உடைச்சிருக்கா. வேலைய விட்டு நிறுத்துங்க முதலாளி! இல்லேன்னா தப்பு தன்னோடது இல்லைன்னு இன்ஜினைப் பிரிக்காம நிரூபிக்கட்டும்" என்று ஒர்க்‌ஷாப் முதலாளியிடம் குதித்தார் ஜெகவீரன்.

காணிக்கை கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எதுக்குண்ணே பிரிக்கணும்? வால்வு மூடியிருக்கிறப்ப பிளக் ஓட்டைல காத்தடிப்போம். ரிங் போயிருந்தா ஆயில் ஊத்துற வாய்ல சீறும். அங்க என் மூஞ்சியை வைக்கிறேன். வால்வு ஒழுகினா சைலன்சர்ல கரியோட வரும். உங்க வால்வுதான் ஒழுகாதே, நீங்க அங்க நில்லுங்க."

முதலாளி தலையாட்டினார். ஜெகவீரன் மீசையைத் தடவியபடி சைலன்சருக்குப் பின்னால் போய் நின்றார். காணிக்கை காற்றுக் குழாயைப் பிடித்துக்கொண்டு ஆயில் வாய்க்கு நேராக முகத்தை வைத்தாள்.

"விடவாண்ணே?"

உஸ்ஸ்ஸ்!

வேட்டியை அள்ளிப் பிடித்துக்கொண்டு ஒரே தாவலில் டயர் அடுக்குக்குப் பின்னால் போய் விழுந்தார் ஜெகவீரன்.

"காத்தை இன்னும் திறக்கவே இல்லையேண்ணே. நான்தான் வாயால உஸ்ஸுன்னேன்!"

ஒர்க்‌ஷாப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. முதலாளியே காற்றைத் திறந்துவிட்டார். சைலன்சர் கரியைக் கக்கியது. காணிக்கை முகத்தில் ஒரு பொட்டு எண்ணெய்கூட இல்லை.

"தேய்க்காம வச்சவரே கழற்றித் தேய்க்கட்டும். காணிக்கை பார்த்துச் சரின்னா போதும்" என்றார் முதலாளி.

சாயங்காலம் வரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேய்த்தார் ஜெகவீரன். காணிக்கை குனிந்து வால்வில் காதை வைத்தாள்.

"இன்னும் நாலு சுத்து தேய்ங்கண்ணே. உஸ்ஸுங்குது."