அரசன் வாசலில் உதிர்ந்த நெல்

கேளுங்கள். ஆறு கடலில் சேரும் இடத்தில் முன்பு ஒரு நாடு இருந்தது. அதை ஓர் அரசன் ஆண்டான். நாட்டின் பெயர் மறந்துபோயிற்று. அரசனின் பெயரும் மறந்துபோயிற்று. அங்கே விளைந்த நெல்லின் பெயர்கள் மட்டும் மறக்கவில்லை. அது எப்படி என்பதுதான் கதை.

அந்த நாட்டில் நாற்பது ஊர்கள். நாற்பது ஊரிலும் நாற்பது நெல். ஆழத் தண்ணீரிலும் தலை நீட்டி நிற்கும் மடுமுழுங்கி ஓர் ஊரில். வால்போல் கூர் நீண்டு, பன்றி வாய்வைக்க அஞ்சும் வாலான் ஓர் ஊரில். உப்புத் தண்ணீர் ஏறினாலும் சாகாத உவர்முண்டான் ஓர் ஊரில்.

அறுவடை முடிந்ததும் ஊருக்கு ஒரு பிடிக் கதிர் அரண்மனைக்கு வரும். அதைக் குஞ்சமாகக் கட்டி வாசலில் தொங்கவிடுவார்கள். குருவிகள் வந்து தின்னும். அது அந்த நாட்டு வழக்கம்.

ஒருநாள் அரசன் மேல்மாடத்துச் சன்னல் வழியே வயல்களைப் பார்த்தான். ஓரிடம் மஞ்சள், ஓரிடம் சிவப்பு, ஓரிடம் கறுப்பு.

"ஒட்டுப்போட்ட துணிபோல் இருக்கிறதே என் நாடு!" என்றான். "பட்டு விரித்ததுபோல் ஒரே நிறமாக இருக்க வேண்டாமா?"

அரண்மனைத் தோட்டத்தில் விளையும் வெள்ளை நெல்லைத்தான் இனி எல்லோரும் விதைக்க வேண்டும் என்று ஆணையிட்டான். வீடுகளில் இருக்கும் மற்ற விதைகளை என்ன செய்வது? அரசனுக்கு நியாயவான் என்று பெயர் வாங்க ஆசை. குடிகளின் நெல்லில் ஒரு மணியைக்கூட எடுக்கக் கூடாது என்றான். அவித்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றான்.

செப்புக் கொப்பரைகள் வண்டியேறி ஊர் ஊராகப் போயின. அவித்த நெல் சோறாகும். முளைக்காது.

உவர்முண்டான் விளையும் ஊரில் வேம்பி என்று ஒருத்தி தனியாக இருந்தாள். கழிமுகத்தை ஒட்டிய ஒரு துண்டு நிலம்தான் அவள் சொத்து. கொப்பரை அதிகாரி திருமேனி அவள் வீட்டுக்கு வந்தார். வைக்கோல் கோட்டையில் கட்டிவைத்த விதையை அவித்தார். பரணில் சுரைக்குடுக்கைக்குள் ஒளித்ததைத் தேடியெடுத்து அவித்தார். முந்தானையில் முடிந்திருந்த ஒரு பிடியையும் விடவில்லை.

"சரியா இருக்கான்னு அளந்து பாத்துக்க தாயி. அரண்மனை திருடிட்டுதுன்னு பின்னால பேச்சு வரப்படாது."

"செத்த பிள்ளைக்குக் கை கால எண்ணிப் பாக்கச் சொல்றீங்க ஐயா," என்றாள் வேம்பி.

அரண்மனை கொடுத்த வெள்ளை நெல்லை விதைத்தாள். கழிமுகத்து உப்புத் தண்ணீர் ஏறிய எட்டாம் நாள் பயிர் கருகியது. ஒரு விதைப்புப் பட்டம் பயிரில்லாமல் கிடக்கலாம். அடுத்த பட்டமும் அப்படிக் கிடந்தால் அந்த நிலம் அரண்மனைக்குச் சேரும். அது சட்டம்.

முறையிடலாம் என்று அரண்மனைக்கு நடந்தாள். வாசல்காவலன் உள்ளே விடவில்லை. வாசலிலேயே உட்கார்ந்தாள். தலைக்கு மேலே குருவிகள் ஒன்றையொன்று கொத்திக்கொண்டு கதிர் தின்றன. குருவி சிந்தாமல் தின்னாது. அவள் மடியில் ஒரு மணி விழுந்தது. குட்டையாக, தடித்து, சிவந்த மணி. எடுத்துப் பார்த்தாள். உவர்முண்டான்.

அண்ணாந்து பார்த்தாள். கொப்பரைகள் வருவதற்கு முன் வந்த கதிர்கள், நாற்பது ஊர்க் குஞ்சங்கள், வரிசையாகத் தொங்கின. வீடு வீடாகத் தேடியவர்கள் இங்கே மட்டும் தேடவில்லை. நாட்டில் அவியாத பழைய நெல் மிச்சமிருந்த ஒரே இடம் அரசனின் வாசல்.

"இந்த வாசல யாருப்பா கூட்டுறது?" என்று காவலனைக் கேட்டாள்.

"எவனும் வர மாட்டேங்கிறான். பூரா குருவி எச்சம்."

"நான் கூட்டுறேன்."

"கூலி என்ன கேப்ப?"

"குப்பைய எடுத்துக்கிறேன். அது போதும்."

காவலன் சிரித்தான். "தினம் ரெண்டு பைத்தியம் வருது இந்த வாசலுக்கு. வேலை கேட்டு வந்தது நீதான் முதல்."

காலையில் கூட்டினாள். உச்சியில் கூட்டினாள். பொழுது சாயும்போது கூட்டினாள். எச்சத்தையும் தூசியையும் புடைத்துத் தள்ளி நெல்லைச் சேர்த்தாள். மழை தொடங்கியதும் விளக்குமாற்றை வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பினாள்.

சேர்த்ததில் உவர்முண்டானை மட்டும் பொறுக்கினால் நிலத்தின் ஒரு மூலைக்குத்தான் வரும். மற்றதை வீச மனம் வரவில்லை. எல்லாவற்றையும் கலந்தே விதைத்தாள். எதை எங்கே விதைப்பது என்று அவளுக்குத் தெரியாது. நெல்லுக்குத் தெரிந்திருந்தது. உப்பு ஏறும் சரிவில் உவர்முண்டான் நின்றது. தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் மடுமுழுங்கி எழுந்தது. மேட்டில் வாலான் கூர் நீட்டியது. ஒரு துண்டு நிலத்தில் நாற்பது நிறம்.

கதிர் பழுக்கும் நேரத்தில் திருமேனி மூன்று கொப்பரையோடு வந்து இறங்கினார்.

"அறு. அவிக்கணும்."

"வீட்டுல இருக்குற விதைய அவிக்கத்தான சட்டம்? இது வயல்ல நிக்குது."

"அறுத்தா வீட்டுக்குத்தான வரணும்?"

"அறுக்கல."

திருமேனிக்குப் புரியவில்லை. "அறுக்காம எதத் தின்ப?"

"அது என் பாடு. நெல்லு தன்னால உதிரும், மண்ணுக்குள்ள போகும், அடுத்த மழைக்கு முளைக்கும். மண்ண அவிக்கிற கொப்பரை உங்ககிட்ட இருக்கா ஐயா?"

குடிகளின் நெல்லைத் தானே அறுத்தால் அது எடுத்ததாகிவிடும், அரசன் ஆணைக்கு மாறு. அவர் அடுப்பு மூட்டிவிட்டுக் காத்திருந்தார். அவள் வரப்பில் உட்கார்ந்தாள். முதல் நாள் கொப்பரைத் தண்ணீர் கொதித்து வற்றியது. அவள் கீரையை அவித்துத் தின்றாள். இரண்டாம் நாள் மறுபடி நிரப்பினார்கள், மறுபடி வற்றியது. அவள் நண்டு சுட்டுத் தின்றாள். மூன்றாம் நாள் அவள் ஒன்றும் தின்னவில்லை. முந்திப் பழுத்த கதிர்கள் உதிரத் தொடங்கின. அறுவாள் அவள் பக்கத்தில் கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை. அன்று மாலை விறகு தீர்ந்தது.

அதே நாட்களில் நாடு முழுவதும் வெள்ளை நெல்லுக்கு நோய் கண்டது. எல்லாம் ஒரே நெல். ஒரு வயலுக்கு வந்தது எல்லா வயலுக்கும் வந்தது. மேல்மாடத்துச் சன்னலிலிருந்து பார்த்தால் நாடு ஒரே நிறமாகத்தான் இருந்தது. பதரின் நிறம். வாசலில் கட்டக் கதிர் இல்லை. குருவிகள் வேம்பியின் வயலுக்குப் போய்விட்டன.

குருவிகள் போன திசையில் மனிதர்களும் போனார்கள். நான்காம் நாள் விடிந்தபோது நாற்பது ஊரும் வரப்பில் நின்றது.

"ஏ, இது எங்க வாலான்டா!" என்று ஒருவன் கத்தினான். ஒருத்தி ஒரு மணியை உரித்துக் கடித்துப் பார்த்துவிட்டு, "எங்க ஊருது," என்றாள்.

திருமேனியின் கண் மூன்று நாளாகப் பள்ளத்தில் நின்ற ஒரு கதிரையே சுற்றிக்கொண்டிருந்தது.

"அந்தா நிக்குறது மடுமுழுங்கிதான?" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் பள்ளத்து ஊர்க்காரன் தாயி. முதல்ல அவிச்சது எங்க வீட்டு நெல்லத்தான்."

அப்போது பல்லக்கில் அரசன் வந்தான். "ஏன் அடுப்பு எரியவில்லை?" என்று கேட்டான்.

"விறகு தீர்ந்துவிட்டது அரசே."

"வெட்டிக்கொண்டு வா."

திருமேனி தலைப்பாகையை அவிழ்த்துக் கொப்பரை விளிம்பில் போட்டார். வரப்பில் போய் உட்கார்ந்தார். அரசன் காவலர்களைப் பார்த்தான். அவர்கள் கதிர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல்லக்குத் தூக்கிகளைப் பார்த்தான். அவர்கள் வயலுக்குள் இறங்கியிருந்தார்கள். கடைசியில் கொப்பரையைப் பார்த்தான். அவனுக்கு அடுப்பு மூட்டத் தெரியாது.

வேம்பி அறுவாளை எடுத்தாள். "இப்ப அறுக்கலாம்," என்றாள்.

நாற்பது ஊருக்கும் ஊருக்கொரு பிடி போயிற்று. ஒரு பிடி ஒரு மரக்காலாயிற்று, ஒரு மரக்கால் ஒரு கோட்டையாயிற்று. கொப்பரைகளை யாரும் உடைக்கவில்லை. விதைப்புக் காலத்தில் அவற்றில் பச்சைத் தண்ணீர் ஊற்றி விதைநெல்லை ஊறப்போட்டார்கள். அறுவடைக்குப் பின் அரண்மனை வாசலில் பழையபடி கதிர் கட்டினார்கள், குருவிகளுக்காக.

அரசன் மனம் மாறினானா என்று கேட்காதீர்கள். அவன் மேல்மாடத்துச் சன்னலைச் சாத்திக்கொண்டான். அவ்வளவுதான்.

எதை விதைப்பது என்று முடிவுசெய்யும் உரிமையைப் பிறர் கையில் கொடுத்தவர்கள் தங்கள் சோற்றையும் கொடுத்துவிட்டவர்கள். அதனால் விதையை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், விதைக்கக் கேட்பவரைத் தவிர.