தூதர் கேட்ட கிண்ணம்

பொஹீமியா தேசத்தில் பொஹுஸ்லாவ் என்று ஒரு ராஜா இருந்தார். ஆளும் பருமன், மீசையும் பருமன். அவரும் அவர் ஜனங்களும் ஹுஸ் என்ற குருவின் வழியில் வந்தவர்கள். கோயில் பூசையில் அப்பம் மட்டும் போதாது, திராட்சை ரசக் கிண்ணமும் எல்லோருக்கும் வேண்டும் என்பது அவர்கள் பிடிவாதம். ரோமாபுரியிலோ கிண்ணம் குருமாருக்கு மட்டும்தான். இந்த வழக்கில் எத்தனையோ தலைகள் உருண்டுவிட்டன.

ஒருநாள் போப்பாண்டவரின் தூதர் ஃபப்ரீசியோ வந்து இறங்கினார். ரோமாபுரியிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"ராஜாவே, வருகிற ஞாயிறு பூசையில் எல்லோர் முன்னாலும் அப்பத்தோடு நிறுத்திக்கொள்ளும். கிண்ணத்தைத் தொட்டால் உம் கிரீடம் போய்விடும்."

"தொடாவிட்டால் என் ஜனங்கள் என்னையே துரத்திவிடுவார்களே!"

"அது உம் பாடு. அப்பத்துக்குள்ளேயே எல்லாம் அடக்கம். தனியாகக் கிண்ணம் எதற்கு? ரோமாபுரியில் பிறந்தவன் எவனாவது கிண்ணம் கேட்டதுண்டா? ஒரே ஒருவன் கேட்கட்டும், வந்த வழியே போய்விடுகிறேன்."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான் ராஜாவின் நிலைமை. அப்போது அரசவை விகடகவி வீடெக் எழுந்தான்.

"தூதர் பெருமானே, ரோமாபுரிக்காரர் யார் கேட்டாலும் சரிதானே?"

"யார் கேட்டாலும் சரி. இது சத்தியம்!"

"அப்படியானால் முதலில் சாப்பிடுவோம்" என்றான் வீடெக்.

ராஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடேய், என் கிரீடமே ஆடுகிறது. உனக்குச் சோறு கேட்கிறதா?"

"ஆடாமல் இருக்கத்தான் மகாராஜா, சோறு."

விருந்து தடபுடலாக நடந்தது. உப்புக் கருவாடு. அதற்குமேல் முஷ்டி அளவு மாவு உருண்டைகள், குழம்பில்லாமல். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. கீழே முற்றத்தில் ஊரே கூடி நின்றது. கவலையில் ராஜா ஒரு வாய்கூடத் தொடவில்லை. வீடெக் மட்டும் தூதர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் ஒன்று தின்றால் தானும் ஒன்று தின்றான்.

மூன்றாவது உருண்டையில் தூதர் நிமிர்ந்தார். "குடிக்க ஒன்றும் இல்லையா?"

"உருண்டைக்குள்ளேயே எல்லாம் அடக்கம், பெருமானே. தனியாக எதற்கு?"

தூதருக்கு ரோஷம் வந்துவிட்டது. இன்னொரு உருண்டையை எடுத்து முழுசாக வாயில் போட்டார். அது பாதி வழியில் நின்றது. கண் பிதுங்கியது, முகம் சிவந்தது. மேஜையைக் குத்தினார்.

"கி... கி... கிண்ணம்! கிண்ணம் கொடுங்களடா!"

முற்றத்தில் கிளம்பிய ஆரவாரத்தில் கோயில் புறாக்களெல்லாம் பறந்துவிட்டன. "தூதரே கிண்ணம் கேட்டுவிட்டார்!"

வீடெக் மேஜைக்கு அடியிலிருந்து பீர் கிண்ணத்தை எடுத்து நீட்டினான். தூதர் மடமடவென்று குடித்து முடித்துக் கத்தினார்.

"நான் கேட்டது தாகத்துக்கடா, மடையா!"

"எங்கள் ஜனங்களும் தாகத்துக்குத்தான் கேட்கிறார்கள், பெருமானே."

சத்தியம் சத்தியம்தானே! தூதர் அன்றைக்கே மூட்டை கட்டினார். ஞாயிற்றுக்கிழமை கிரீடமும் கிண்ணமும் சேர்ந்தே கோயிலுக்குப் போகும் என்று தெரிந்ததும், ராஜா மீசை துடிக்கத் துடிக்கச் சிரித்தார்.

"வீடெக்! என் மானத்தைக் காப்பாற்றினாய். கிராமம் வேண்டுமா, குதிரை வேண்டுமா? கேள்!"

வீடெக் தொண்டையைப் பிடித்துக்கொண்டான். குரல் கீச்சென்று வந்தது.

"அதெல்லாம் அப்புறம், மகாராஜா. அவர் சந்தேகப்படக் கூடாதே என்று நானும் நாலு உருண்டை தின்று தொலைத்தேன். இருந்த ஒரே கிண்ணத்தையும் அவரே குடித்துவிட்டார். யாரையாவது ஓடச் சொல்லுங்கள்!"