கோனார் கிடையை எங்கே போடுவார்?

“கோனார் முகத்தில் இனி எப்படி மேடம் முழிப்பேன்?” என்றார் எபனேசர்.

எபனேசர் பழுத்த கால்நடை மருத்துவர். ஆனாலும் தன்னைவிட வயதில் சின்னவரான செண்பகவல்லியிடம் பாடம் கேட்க வந்திருந்தார். ஆடுகளைக் கொல்லும் நீலநாக்கு நோயில் அந்த அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது.

“என்ன செஞ்சீங்க?”

“கொசுதான் பரப்புது, வேப்பிலைப் புகை போட்டாப் போதும்னு அடிச்சு விட்டேன். பாதி மந்தை போச்சு மேடம். மிச்ச ஆட்டைக் குளத்தடி வயல்ல கிடை போடுறதா சம்பந்திக்கு வாக்குக் கொடுத்திருக்கார். உரத்துக்கு ராத்திரி ஆடு அங்கேயே அடையணும். போடலாமான்னு கேக்கிறார்.”

“வேற என்ன கேட்டார்?”

“எந்தப் பூச்சி கொண்டாந்தது? நோய் இல்லாத மாசத்துல கிருமி எங்க ஒளியுது?”

செண்பகவல்லியின் முகம் மலர்ந்தது.

“நல்ல கேள்வி. தெரியாது.”

“எனக்கா?”

“எனக்கும்தான்.”

எபனேசருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “இதைக் கேக்கவா மேடம் லீவு போட்டு வந்தேன்?”

“வாங்க, போவோம்” என்றார் செண்பகவல்லி.

மந்தைக்குப் போனபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வேலாண்டிக் கோனார் எபனேசரை ஏற இறங்கப் பார்த்தார்.

“வாங்க டாக்டர். இன்னைக்கு என்ன பூச்சி?”

எபனேசர் தலை குனிந்தார். பாவம், வேறென்ன செய்வார்?

செண்பகவல்லி முன்னால் வந்தார்.

“கொசு இல்ல அண்ணாச்சி, கடுகைவிடச் சின்னப் பூச்சி. அதுல எத்தனையோ வகை. இந்த ஊர்ல எந்த வகைன்னு எனக்குத் தெரியாது. கிருமி எங்க ஒளியுதுன்னும் தெரியாது. சேத்துலயும் சாணியிலயும் அது பெருகும். இருட்டுற நேரத்துல கடிக்கும். மேட்டுல கிடை போட்டா கடி குறையலாம். ஆனா ஆடு சாகாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன்.”

கோனார் ஆடுகளைப் பார்த்தார். குளத்தைப் பார்த்தார்.

பிறகு ஒரு சீழ்க்கை அடித்தார். மந்தை மேட்டுப் பக்கம் திரும்பியது.

செண்பகவல்லி குளத்துச் சேற்றோரம் போய்க் குந்தினார். சட்டைக் கையை மடித்துவிட்டு, வெறுங்கையை நீட்டிக்கொண்டு, ஒரு கண்ணாடிக் குழாயோடு காத்திருந்தார்.

“கடிக்குமே மேடம்!”

“கடிச்சாத்தானே எதுன்னு பிடிக்கலாம்? இந்த நோய் நமக்கு ஒட்டாது. சத்தம் போடாதீங்க.”

அடேயப்பா, என்ன மனுஷி!

எபனேசருக்கு மனசு ஆறவில்லை. கோனார் பின்னாலேயே ஓடினார்.

“நான் அடிச்சுச் சொன்னேன், அப்ப வெறும் வேப்பிலைப் புகையோட சரி. இவங்க பாதிக்கு மேல தெரியாதுங்கிறாங்க. இதுக்கா சம்பந்திக்குக் கொடுத்த வாக்கை விடுதிய?”

கோனார் நடந்துகொண்டே சொன்னார்.

“நீங்க சொன்னதைக் கேட்டு நான் நிம்மதியாத் தூங்கிட்டேன் டாக்டர். இந்தம்மா சொன்னதுக்கு அப்புறம் எனக்குத் தூக்கம் வராது. ஆடு பிழைச்சுக்கும்.”