எண்டரும் கண்ட்ரோல் எம்மும்

மேனேஜர் நல்லபெருமாள் சொன்னால் சொன்னதுதான். கம்பெனியில் எல்லோரும் டைப் அடிக்கும் பழைய எடிட்டரில் எண்டர் தட்டினால் புது வரி வரவேண்டும், கண்ட்ரோலும் எம்மும் சேர்த்துத் தட்டினால் வரி அழிய வேண்டும் என்று முந்நூறு பேருக்கு அட்டை அச்சடித்து லேமினேஷனும் போட்டுவிட்டார். அதற்கப்புறம்தான் அதைச் செய்துதரச் சொன்னார்.

"முடியும் சார்" என்று ஒத்துக்கொண்ட புரோகிராமர் சுடலைமுத்துவால் முடியவில்லை. போன வாரம் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அடுத்து மாட்டிக்கொண்டவள் ஒப்பந்தத்தில் இருந்த அமிர்தசெல்வி.

"முடியாது சார். ரெண்டுல எதைத் தட்டினாலும் எடிட்டருக்குப் போற நம்பர் பதிமூணுதான்."

"மூளை இருந்தா பிரிச்சிடலாம்மா."

"அப்போ நீங்களே பிரிச்சுக் காட்டுங்க சார்." திரையை அவர் பக்கம் திருப்பிவிட்டு, கீபோர்டை மேஜைக்கடியில் மடிமேல் வைத்துக்கொண்டாள். "வர்ற நம்பரைப் பார்த்து, நான் எதைத் தட்டினேன்னு சொல்லுங்க, போதும்."

திரையில் பதிமூன்று விழுந்தது. "எண்டர்" என்றார். இல்லை. மறுபடியும் பதிமூன்று. "கண்ட்ரோல் எம்." அதுவும் இல்லை. ஐந்தாவது பதிமூன்றுக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆபீசே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

சாயங்காலம் அவளுக்கும் வேலைநீக்கக் கடிதம் வந்தது. சுடலைமுத்துவுக்கு வந்த அதே கடிதம்தான், பேரும் தேதியும் மட்டும் வேறு.

பையை எடுத்துக்கொண்டு மேனேஜர் மேஜை முன்னால் நின்றாள்.

"முடியும்னு சொன்னவனுக்கும் இதுதான், முடியாதுன்னு சொன்ன எனக்கும் இதுதான். உங்களுக்கும் பதிமூணு மட்டும்தான் சார் போய்ச் சேருது."